காத்து ஒரு பக்கம் அடிக்குது, கடல் ஏன் வேற பக்கம் போகுது? – நீரோட்டம் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் உயர்தர மாணவருக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். நீரோட்டப் பாடம் தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள்தான் வரும். வகுப்பு முடிந்தபிறகு வட்ஸ்அப்பிலும் வரும், பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பாவும் படியில் நின்று கேட்பார். இனி இதை அனுப்பிவிடலாம் என்றுதான் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். முதல் ஐந்தாறு எளிது. 8, 9 இரண்டையும் மட்டும் தூக்கம் வராத நேரத்தில் வாசியுங்கள்.

1. மிஸ், அலையும் நீரோட்டமும் ஒன்னுதானே?

இல்லை. காலிமுகத்திடலில் நின்று, தண்ணீரில் மிதக்கும் ஒரு இளநீர்க் கோம்பையைப் பாருங்கள். அலை வரும்போது மேலே ஏறி, கொஞ்சம் முன்னே வரும். அலை கடந்ததும் இறங்கிப் பின்னே போகும். அலை எங்கேயோ ஓடிப்போய்விட்டது, கோம்பையோ கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நிற்கிறது. ஆனால் ஒரு இறால் வடை சாப்பிட்டு முடித்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் அது மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். தண்ணீரே இடம் மாறிப் போகும் அந்த நகர்வுதான் நீரோட்டம்.

வற்றுப்பெருக்கு மூன்றாவது சங்கதி. அது சந்திரனும் சூரியனும் இழுப்பதால் வருவது. கொழும்பில் அதன் ஏற்ற இறக்கம் அரை மீற்றரைச் சுற்றித்தான் இருக்கும், அதனால் நம்மவர்களுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

2. காத்து மேலால போகுது. கீழ இருக்கிற தண்ணிய அது எப்பிடி இழுக்கும்?

உரசித்தான். ஒரு பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, மேலே கொஞ்சம் மிளகுத்தூள் தூவி, ஒரு பக்கத்திலிருந்து மேசை விசிறியை மெதுவாகப் போடுங்கள். மிளகு விசிறிக்கு எதிர்ப்பக்கம் ஓடும். அங்கே சுவரில் முட்டி, இரண்டு ஓரங்களாலும் திரும்பி வரும். அந்தத் திரும்பி வருதலை நினைவில் வைத்திருங்கள், 8இல் வேண்டும்.

கடலில் காற்று முதலில் சிற்றலைகளை எழுப்புகிறது. அந்தச் சொரசொரப்பில் அதற்கு இன்னும் நல்ல பிடி கிடைக்கிறது. அப்படியிருந்தும் காற்றின் வேகத்தில் 2 அல்லது 3 சதவீதம்தான் தண்ணீருக்குப் போய்ச் சேரும். மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றென்றால் மேற்பரப்புத் தண்ணீர் மணிக்கு ஒரு கிலோமீற்றர்கூடப் போகாது. நடைப்பயிற்சிக்கு வரும் தாத்தா அதை முந்திவிடுவார். ஆனால் தாத்தா வீட்டுக்குப் போய்விடுவார், பருவக்காற்று மாதக்கணக்கில் அதே பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 15, 20 கிலோமீற்றர் என்று கூட்டிப் பாருங்கள்.

3. அப்ப காத்து போற பக்கமே தண்ணியும் போகவேண்டியதுதானே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1893இல் நோர்வே நாட்டு ஆய்வுப் பயணி நான்சென் ‘ஃபிராம்’ என்ற கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் உறையவிட்டு, பனியோடு சேர்ந்து மிதந்துபோனார். 1896 வரை நீண்ட பயணம். பனி, காற்று போகும் திசையில் போகாமல் அதற்கு 20 முதல் 40 பாகை வலப்பக்கமாக விலகிப் போவதை அவர் கவனித்தார். பூமி சுழல்வதால்தான் இது என்று சரியாக ஊகித்தும்விட்டார்.

கணக்குப் போட்டுக் காட்டியவர் எக்மன் என்ற சுவீடன்காரர், 1905இல். அவர் கடலைச் சீட்டுக்கட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாகப் பார்த்தார். மேல் அடுக்கைக் காற்று இழுக்கிறது, அது கொஞ்சம் வலப்பக்கம் திரும்புகிறது. அதற்குக் கீழுள்ள அடுக்கை மேல் அடுக்கு இழுக்கிறது, அது இன்னும் கொஞ்சம் திரும்புகிறது, வேகமும் குறைகிறது. கீழே போகப் போக இப்படியே திரும்பித் திரும்பி, சில பத்து மீற்றரிலிருந்து நூறு மீற்றர் வரையான ஆழத்தில் காற்றின் வேலை முடிந்துவிடும். படிக்கட்டு மாதிரிச் சுற்றிக்கொண்டு இறங்குவதால் இதை எக்மன் சுருள் என்கிறோம்.

4. பூமி சுத்தினா ஏன் வலப்பக்கம் திரும்பணும்? அதுதான் மிஸ் விளங்கவே இல்ல.

சொல்லி விளங்காது, செய்து பாருங்கள். பழைய கலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி நடுவில் குண்டூசி குத்துங்கள். ஒருவர் அட்டையை இடஞ்சுழியாக மெதுவாகச் சுற்றவேண்டும். வட துருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமி சுற்றும் பக்கம் அதுதான். மற்றவர் அடிமட்டத்தை அசையாமல் பிடித்து, அதன் ஓரமாக நடுவிலிருந்து வெளியே பேனாவால் கோடு கீறவேண்டும். பேனா நேராகத்தான் போகும். அட்டையை நிறுத்திப் பார்த்தால் கோடு வலப்பக்கம் வளைந்திருக்கும். என் வகுப்பில் ஒரு பிள்ளை, “உங்கட கை நடுங்கிட்டு மிஸ்” என்று சொல்லி மூன்று தரம் தானே கீறிப் பார்த்தது. மூன்றும் வலப்பக்கம்தான். அட்டையை மறுபக்கம் சுற்றினால் கோடு இடப்பக்கம் வளையும். தென் அரைக்கோளத்தின் கதை அது.

பூமியில் இதை இப்படிப் பார்க்கலாம். மத்திய கோட்டில் தரையும் கடலும் மணிக்குச் சுமார் 1670 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே சுழல்கின்றன. கொழும்பில் அதைவிடச் சுமார் 12 கிலோமீற்றர் குறைவு, பருத்தித்துறையில் சுமார் 24 குறைவு. தெற்கிலிருந்து வடக்கே போகும் தண்ணீர் தன் கூடுதல் வேகத்தையும் சுமந்துகொண்டு போவதால் கீழுள்ள தரையை முந்திக் கிழக்கே, அதாவது தன் வலப்பக்கம், சாய்கிறது. இது பாதிக் கதைதான். கிழக்கு மேற்காக ஓடும் தண்ணீரும் வலப்பக்கமே திரும்பும். கிழக்கே ஓடுவது பூமியைவிட வேகமாகச் சுற்றுவதால் அச்சை விட்டு வெளியே போகப் பார்க்கும். வட அரைக்கோளத்தில் அது தெற்கே நழுவுவதாக முடிகிறது. பரீட்சையில் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

5. கொரியோலிஸ் விசை உண்மையான விசையா, சும்மா பேருக்கா?

4இல் பார்த்த அந்தத் திருப்பத்துக்குத்தான் கொரியோலிஸ் என்று பெயர். நாம் சுழலும் அட்டையில் இருந்துகொண்டு பார்ப்பதால் தெரிவது. அது எதையும் ஓடவைக்காது, வேகத்தைக் கூட்டாது, குறைக்காது. ஏற்கனவே ஓடுவதன் திசையை மட்டும் திருப்பும். 1835இல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இதை எழுதியபோது அவர் யோசித்தது நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் இயந்திரங்களை. கடலை அல்ல.

6. குசினி சிங்கில தண்ணி சுழன்று போறதும் இதாலதானே? மத்திய கோட்டுக்கு அங்கால மாறிச் சுழலுமாமே?

இந்தக் கேள்விக்காகவே ஒரு தனிப் பக்கம் எழுதலாம். இல்லை, இல்லவே இல்லை. சிங்கின் வடிவம், குழாயிலிருந்து தண்ணீர் விழுந்த பக்கம், நீங்கள் கையை எடுத்த விதம், இவைதான் அங்கே தீர்மானிக்கின்றன. பூமி ஒரு நாளைக்கு ஒரு சுற்று, சிங்க் காலியாக ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் பூமி கால் பாகைதான் திரும்பியிருக்கும்.

1962இல் அமெரிக்காவில் ஷப்பிரோ என்ற பேராசிரியர் ஒரு பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீரை ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்து, மிகக் கவனமாகத் திறந்து, இடஞ்சுழியாகச் சுழல்வதைக் காட்டினார். அவ்வளவு பத்தியம் இருந்தால்தான் அது தெரியும். கடலில் தண்ணீர் நாட்கணக்கில், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடுவதால் பூமிக்குத் திருப்ப நேரம் கிடைக்கிறது.

7. ஒரு புத்தகத்தில 45 பாகை, இன்னொன்றில 90 பாகை. எது சரி?

இரண்டும். எக்மனின் கணக்கில் மேற்பரப்புத் தண்ணீர் மட்டும் காற்றுக்கு 45 பாகை வலப்பக்கமாகப் போகும். 3இல் சொன்ன எல்லா அடுக்குகளையும் கூட்டிப் பார்த்தால் மொத்தத் தண்ணீரும் காற்றுக்குச் செங்குத்தாக, 90 பாகை வலப்பக்கம் போகும். அளந்து பார்க்கும்போது மேற்பரப்புக் கோணம் பெரும்பாலும் 45ஐவிடக் குறைவாகவே வரும். நான்சென் கண்ட பனியும் அப்படித்தான். ஆனால் கடலின் பெரிய கதைகளுக்கெல்லாம் அந்த 90தான் முக்கியம், அடுத்த கேள்வியிலேயே பாருங்கள்.

8. எல்லாத் தண்ணியும் வலப்பக்கம் போய்க்கிட்டே இருந்தா ஒரு இடத்தில குவிஞ்சிடாதா?

குவியத்தான் செய்கிறது! இதைக் கேட்ட பிள்ளைக்கு அன்று ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தேன்.

வட அத்திலாந்திக்கை எடுங்கள். தெற்கே வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கிறது. அதன் 90 பாகை வலப்பக்கம் என்பது வடக்கு. வடக்கே மேலைக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. அதன் வலப்பக்கம் தெற்கு. இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்குத் தண்ணீர் வந்து சேர்கிறது. அங்கே கடல் மேடாகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் அகலம், ஒரு மீற்றர் அளவுதான் உயரம், கண்ணுக்குத் தெரியாது. செய்மதிகள் அளக்கின்றன.

மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கப் பார்க்கும். இறங்கத் தொடங்கியதும் வலப்பக்கம் திருப்பப்படும். கடைசியில் சரிவு ஒரு பக்கம் இழுக்க, கொரியோலிஸ் மறுபக்கம் இழுக்க, இரண்டும் சமமாகி, தண்ணீர் மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் மேட்டைச் சுற்றி ஓடுகிறது. கோயிலில் மூலஸ்தானத்தை வலக்கைப் பக்கம் வைத்து வலம் வருகிறோமே, அதே மாதிரி. சமுத்திரம் அளவுக்குச் சுற்றும் இந்த ஓட்டத்தைத்தான் பெருஞ்சுழல் என்கிறோம். வட அரைக்கோளத்தில் பெருஞ்சுழல்கள் வலஞ்சுழி. தென் அரைக்கோளத்தில் மேடு இடக்கைப் பக்கம், இடஞ்சுழி. ஆக, பேசினில் மிளகைத் திருப்பி அனுப்பியது சுவர். கடலில் கரையும் உண்டு, அதோடு இந்த மேடும் உண்டு. பெருஞ்சுழலை ஓட்டுவது காற்றுதான், ஆனால் நேராகத் தள்ளி அல்ல, மேட்டைக் கட்டி வைத்து.

9. பெருஞ்சுழல் வட்டம் எண்டா எல்லாப் பக்கமும் ஒரே வேகம்தானே? ஏன் மேற்குக் கரையில மட்டும் கடும் வேகம்?

கல்ஃப் நீரோட்டம், ஜப்பானுக்குப் பக்கத்தில் குரோஷியோ, தென்னாபிரிக்காவுக்குப் பக்கத்தில் அகுல்யாஸ் என்று வேகமான, ஒடுங்கிய, ஆழமான நீரோட்டங்கள் எல்லாம் சமுத்திரங்களின் மேற்கு ஓரத்தில்தான். கிழக்கு ஓரத்தில் ஓடுபவை அகலமான சோம்பேறிகள். காரணத்தை 1948இல் ஸ்டொம்மல் என்ற அமெரிக்கக் கடலியலாளர் காட்டினார். கொரியோலிஸ் விளைவு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் சுழல் நடுவில் அழகான வட்டமாக இருக்கும். உண்மையில் அது மத்திய கோட்டில் பூச்சியம், துருவத்தை நோக்கிப் போகப் போகக் கூடும். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் போட்டதும் மேடு மேற்கே நகர்ந்து கரையோடு நெருங்கிவிடுகிறது. ஒடுங்கிய வாய்க்காலில் அதே தண்ணீர் போகவேண்டுமென்றால் வேகம் கூடத்தானே வேண்டும்.

கல்ஃப் நீரோட்டத்தை முதலில் வரைபடத்தில் போட்டவர்களில் ஒருவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது திமிங்கில வேட்டைக்காரர்களின் அனுபவம். கடலைப் பற்றிப் படித்தவர்களுக்கு முன்பே கடலில் கிடந்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும்.

10. ஆழத்திலயும் காத்துதான் ஓட்டுதா?

நேரடியாக இல்லை. ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்தில் குளிரும் உப்பும்தான் பெரிய சாரதிகள். கனத்த தண்ணீர் துருவப் பக்கங்களில் அமிழ்ந்து மெல்லப் பரவுகிறது. அது வேறு பாடம்.

11. உலகப் படத்தில எல்லாக் கடலுக்கும் வட்டம் இருக்கு. எங்கட பக்கம் மட்டும் ஏன் ரெண்டு படம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பசுபிக்கிலும் அத்திலாந்திக்கிலும் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இந்து சமுத்திரத்தில் தெற்கே மட்டும்தான் நிலையான பெருஞ்சுழல். வடக்கே ஆசியா வந்து கடலை மூடிவிடுகிறது. அந்த நிலம் கோடையில் சூடாகி, மாரியில் குளிர்ந்து, காற்றையே வருடத்தில் இரண்டு தரம் திருப்பிவிடுகிறது. காற்று திரும்பினால் கடலும் திரும்பும்.

நம் மீனவர்கள் சோளகம் என்று சொல்லும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை, இலங்கைக்குத் தெற்கே நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அரபிக்கடலின் உப்புக் கூடிய தண்ணீரைக் கொண்டுபோய், தீவைத் தாண்டியதும் வடக்கே வளைந்து வங்கக் கடலுக்குள் விடுகிறது. வாடை என்னும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ நவம்பர் முதல் பெப்ரவரி வரை, அதே இடத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. கங்கை போன்ற பெரிய ஆறுகள் கலந்து உப்புக் குறைந்த வங்கக் கடல் தண்ணீர் அப்போது அரபிக்கடலுக்குப் போகிறது. இரண்டு கடலுக்கும் நடுவில் தெற்கே நீண்டு நிற்பது இந்தியாவும் இலங்கையும்தான் என்பதால், அந்தக் கொடுக்கல் வாங்கலில் பெரும்பங்கு இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குக் கீழே நடக்கிறது.

சோமாலியக் கரை நீரோட்டம் இன்னும் வினோதம். 9இல் சொன்ன மேற்கு ஓர நீரோட்டங்களில் ஒன்றுதான், ஆனால் இதுவும் திசை மாறும். சோளகக் காலத்தில் வடகிழக்காகச் செக்கனுக்கு 2 மீற்றருக்கும் மேலான வேகத்தில் பாயும், வாடையில் திரும்பி ஓடும். அத்திலாந்திக்கைப் பார்த்து எழுதிய பாடத்தை அப்படியே இங்கே ஒப்பித்தால் பிழை வருவது இதனால்தான்.

12. நாங்க மத்திய கோட்டுக்குக் கிட்டத்தானே. அப்ப இங்க கொரியோலிஸ் இல்லைத்தானே?

குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகை வடக்கே இருக்கிறது. துருவத்தில் 100 என்றால் இங்கே சுமார் 12. பெரிய நீரோட்டத்தைத் திருப்ப அது போதும்.

முழுக்கப் பூச்சியமாவது மத்திய கோட்டில். கொழும்பிலிருந்து நேர் தெற்கே சுமார் 770 கிலோமீற்றர். அங்கே திருப்ப ஆளில்லாததால் காற்று தள்ளும் பக்கமே தண்ணீர் பாயும். ஏப்ரல்–மே, ஒக்டோபர்–நவம்பர் என்று பருவம் மாறும் இடைவெளிகளில் அங்கே மேற்கிலிருந்து காற்று அடிக்க, கோட்டை ஒட்டிக் கிழக்கே ஒரு வேகமான ஓட்டம் கிளம்புகிறது. 1973இல் அதை விவரித்த கடலியலாளர் விர்ட்கியின் பெயரால் விர்ட்கி பாய்ச்சல் என்கிறார்கள். கோட்டுக்கு வடக்கே விலகும் தண்ணீர் வலப்பக்கம், தெற்கே விலகுவது இடப்பக்கம். இரண்டுமே திரும்பக் கோட்டுக்கே வரும், அதனால் ஓட்டம் சிதறாது.

13. சோளகத்தில தெற்குக் கரைப் பக்கம் கடல் குளிருது, மீனும் கூடுது எண்டு மாமா சொல்றார். காத்துக்கும் மீனுக்கும் என்ன?

மாமா சொல்வது சரி. 7இல் உள்ள 90 பாகையைப் போடுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் காற்று வடகிழக்கே போகிறது. அதன் வலப்பக்கம் தென்கிழக்கு. தெற்குக் கரைக்கு அது கடல்பக்கம். மேல்தண்ணீர் கரையைவிட்டு விலக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் எழுகிறது. அதில் போசணை அதிகம். வெளிச்சம் பட்டதும் நுண்பாசி பெருகும், பின்னால் சின்ன மீன், அதன் பின்னால் பெரிய மீன். செய்மதிப் படத்தில் அந்தக் காலத்தில் தெற்குக் கரையோரம் பச்சையாகத் தெரியும்.

14. கல்கிசையில குளிக்கப் போனா ஆளை இழுக்குதே, அதுவும் இந்த நீரோட்டம்தானா?

இல்லை, அதில் பூமிக்குச் சம்பந்தமில்லை. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர், ஏதாவது ஒரு ஒடுங்கிய வழியால் கடலுக்குத் திரும்புகிறது. அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்திக் களைக்கவேண்டாம். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வழியிலிருந்து வெளியே வந்தபிறகு கரைக்குத் திரும்புங்கள். சோளகக் காலத்தில் இறங்காமலே விடுவது அதைவிட நல்லது.

15. 2021இல கப்பல் எரிஞ்ச நேரம் பிளாஸ்டிக் மணி எல்லாம் கரைக்கு வந்துச்சே. நீரோட்டம் கிழக்கே எண்டா அது சுத்திக்கொண்டு போயிருக்கணுமே?

கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற அந்தக் கப்பல் தீப்பிடித்தது மே 20ஆம் திகதி, சோளகம் தொடங்கிய நேரத்தில். கப்பல் கரைக்குக் கிட்ட நின்றது. 11இல் சொன்ன பெரிய நீரோட்டம் தெற்கே ஆழ்கடலில். அந்த மணிகள் மிதப்பவை. தண்ணீரின் மேல்தோலில் இருப்பதற்குக் காற்றும் அலையும்தான் முதல் எசமான், நீரோட்டம் இரண்டாவது. காற்றும் அலையும் அப்போது கரையை நோக்கியிருந்தன. 1இல் கோம்பை கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வரும் என்றேன். அந்த ‘கிட்டத்தட்ட’வில் ஒவ்வொரு அலைக்கும் ஒரு சிறு முன்னேற்றம் இருக்கிறது. ஆயிரம் அலைக்கு அது கூடிவிடும்.

தூரக்கடலில் விழுந்தது என்றால் கதை வேறு. 2014 மார்ச்சில் காணாமல்போன எம்.எச்.370 விமானத்தின் இறக்கைத் துண்டு ஒன்று 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் ஒதுங்கியது. தெற்கு இந்து சமுத்திரத்தின் இடஞ்சுழிப் பெருஞ்சுழலில், மேற்கே ஓடும் பகுதி இருக்கும் பக்கம்தான் அந்தத் தீவு.

16. மிஸ், பூமி மற்றப் பக்கம் சுத்தினா?

கடைசி வாங்கிலிருந்து கேலியாக வந்த கேள்வி. ஆனால் மேலே உள்ளதெல்லாம் விளங்கியதா என்று பார்க்க இதைவிட நல்ல கேள்வி இல்லை. வலப்பக்கம் எல்லாம் இடப்பக்கமாகும். வியாபாரக் காற்று மேற்கிலிருந்து வரும், மேலைக்காற்று கிழக்கிலிருந்து வரும். மேடு அப்போதும் நடுவில்தான் குவியும், செய்து பாருங்கள். ஆனால் அது கிழக்கே சாயும், அதனால் கல்ஃப் நீரோட்டம் மாதிரி ஒன்று ஐரோப்பா–ஆபிரிக்கா பக்கம் ஓடும்.

நம் பக்கம்? தெற்கிலிருந்து மத்திய கோட்டைத் தாண்டி வரும் காற்று வலப்பக்கம் திரும்புவதால்தான் இப்போது அது தென்மேல் காற்று. இடப்பக்கம் திரும்பினால் தென்கிழக்கிலிருந்து வரும். அப்போது ஜூன் மாத மழை மலைநாட்டின் மறுபக்கத்தில், மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கொட்டும். வெள்ளவத்தை காய்ந்து கிடக்கும். அதைக் கேட்ட பிள்ளை அம்பாறை. “எங்கட வயலுக்கு நல்லதுதானே மிஸ்” என்றது.